வடக்கு மாடவீதியில் ஒரு வளைவு

கோலத்தைப் போட்டு முடித்த பிறகு பார்க்கிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் உண்டு. கச்சேரி முடிந்து மைக்கைக் கழற்றும்போது சபாவுக்குள் நுழைகிறவர்கள் அவர்கள். செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாம், சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம். நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது.

நடக்கும்போதே பார்க்கலாம் என்றால் அதற்கு இந்த ஊரில் வழி எங்கே? மார்கழி விடியற்காலையில் ஒரு வாசலில் குனிந்து கோலம் போடுகிற பெண்மணியை எதிர்ச்சாரியில் நின்று அரை மணி நேரம் உற்றுப் பார்க்கிற ஆண்பிள்ளை எந்தத் தெருவிலும் மரியாதையோடு வீடு திரும்ப முடியாது. ஆணாகப் பிறந்த கோல ரசிகனின் சங்கடம் இது. பால் வாங்கப் போகிற பாவனையில் நடந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பி வருவதற்குள் கோலம் முடிந்து, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூவும் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான், பொங்கலுக்கு முன்னால் மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாடவீதியில் நடக்கிற கோலப் போட்டியை நான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன். சீசன் கச்சேரிகளைவிட அது ஒசத்தி என்று சொன்னால் என் நண்பர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். எந்த சபாவில் வித்வானின் விரலுக்கு மூன்றடி தூரத்தில் நின்று, "இந்த இடத்தை ஏன் இப்படித் திருப்பினீங்க?" என்று கேட்க விடுகிறார்கள்? இங்கே கேட்கலாம். பதிலும் வரும், குனிந்த தலை நிமிராமல்.

சம்பிரதாயத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் போட்டியில் எல்லாமே தப்புத்தான். விடியலில் போட வேண்டியதை மத்தியான வெயில் தாழ்கிற நேரத்தில் போடுகிறார்கள். அது யாருடைய வாசலும் இல்லை. நவராத்திரிக்குக் கொலு பொம்மைகள் பரப்புகிற, பங்குனியில் அறுபத்துமூவருக்குக் கால்வைக்க இடமில்லாமல் போகிற அதே தார் ரோடு. ஆளுக்கொரு கட்டம். பக்கத்துக் கட்டத்தில் யார் என்று தெரியாது. பின்னால் பூக்காரம்மா, காய்கறிக் கூடை, கோயிலுக்கு வந்த கூட்டம், ஐஸ்கிரீமோடு குழந்தைகள். போட்டி வைத்தால் கோலத்தின் பக்தி போய்விடுகிறது என்று ஒரு பெரியவர் வருஷாவருஷம் என்னிடம் முறையிடுவார். போகலாம். ஆனால் வருஷாவருஷம் வந்து நிற்கிறாரே, அது எதற்காக?

அங்கே எனக்கென்று ஒருவர் இருக்கிறார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மந்தைவெளிப் பக்கத்திலிருந்து வருகிறவர், அறுபதைத் தாண்டியவர், மாவைக் கொட்டாங்குச்சியில் கொண்டுவருகிறவர் என்கிற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருக்குப் பரிசு கிடைக்கிறதா என்று நின்று பார்த்ததில்லை. அவர் புடவையை இழுத்துச் செருகும் நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மாவு. கடைக் கோலப்பொடி வெள்ளைக்கல்லை அரைத்தது. கனமானது, விரலிலிருந்து தானாகச் சரியும், கற்றுக்குட்டிக்கும் கோடு விழுந்துவிடும். அவருடையது பச்சரிசி மாவு. "நைஸா அரைச்சா விரல்ல அப்பிக்கும் சார். ரவைப் பதம் கொஞ்சம் தாண்டினதுமே மிஷினை நிறுத்தச் சொல்லணும். நம்ம மிஷின்காரன் நிறுத்தவே மாட்டான்" என்றார் ஒரு தரம். தண்ணீர் தெளிப்பதிலும் அவசரம் இல்லை. வெயில் குடித்த தார் முதல் தெளிப்பை அப்படியே உறிஞ்சிவிடும். இரண்டாம் தரம் தெளித்து, பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் நிற்கிறவரை காத்திருப்பார். அதற்குள் பக்கத்துக் கட்டங்களில் பாதிக் கோலம் ஏறியிருக்கும்.

அப்புறம் புள்ளி. நேர்ப்புள்ளி, பதினைந்து, பத்திரிகைக்காரர்கள் போடுவதுபோல '1-ல் நிறுத்தவும்'. நடு வரிசை முதலில். பிறகு மேலும் கீழுமாகப் பதின்மூன்று, பதினொன்று என்று குறைத்துக்கொண்டே போவார். மொத்தம் 113 புள்ளி. சிலர் சாணால் அளக்கிறார்கள், நூல் பிடிக்கிறார்கள், ஒரு பெண் ஸ்கேலே கொண்டுவந்திருந்தாள். இவருக்குக் கண்தான். அந்த 113 புள்ளியும் தெருவின் சரிவுக்கு ஏற்ப ஒரு மயிரிழை சாய்ந்திருக்கும். நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அதுதான் நேராகத் தெரியும்.

பிறகு கம்பி ஓட ஆரம்பிக்கிறது. நான் பார்க்கப் போவது ஓரத்துப் புள்ளியில் அது திரும்புகிற இடத்தை. சிக்குக் கோலத்தில் நேராக ஓடுகிற இடமெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். கோடு கடைசிப் புள்ளிக்குப் போய், அதைச் சுற்றி வளைத்துத் திரும்பி உள்ளே வர வேண்டும். அங்கேதான் கை யாருடையது என்று தெரிந்துபோகும். திருப்பத்தில் எல்லாருடைய கையும் வேகம் குறைகிறது. கை நின்றாலும் மாவு நிற்காது, ஆகவே வளைவில் தடித்துப் போகிறது. நேர்க்கோடு இளைத்தும் வளைவு வீங்கியும் இருக்கிற கோலங்களை எண்ணிப் பாருங்கள், பத்தில் எட்டு அப்படித்தான். புத்திசாலிகள் சிலர் வளைவுக்கு முன்னால் கையை எடுத்துவிட்டு, திருப்பத்தைத் தனியாகப் போட்டு ஒட்டுகிறார்கள். ஒட்டு தெரியும். எவ்வளவு மறைத்தாலும் தெரியும்.

இவர் என்ன செய்கிறார்? மாவு உள்ளங்கையில், மடக்கிய மூன்று விரலுக்குள் இருக்கிறது. ஆள்காட்டி விரலின்மேல் கட்டைவிரல் உருண்டு உருண்டு அதை வெளியே விடுகிறது. திருப்பத்துக்கு ஒரு விரற்கடை முன்பே அந்த உருட்டலைச் சற்றே அடக்கிவிடுகிறார். கை மெதுவாகிறது, மாவும் மெதுவாகிறது. வெளியே வரும்போது இரண்டும் சேர்ந்து வேகம் பிடிக்கின்றன. கோடு ஒரே தடிமன். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல பொங்கல் ஆயிற்று. அவரிடம் கேட்டால், "அப்படியா பண்றேன்?" என்று விரலைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறார்.

இன்னொன்று. அவருடைய வளைவு முழு வட்டம் இல்லை. வெளிப்பக்கம் கொஞ்சம் நீண்டு, நுனி லேசாகச் சாய்ந்திருக்கும். காம்பஸ் வைத்தாற்போல வட்டம் போடுகிறவர்கள் கோலம் பார்க்கச் சுத்தமாக இருக்கும், அசையாமல் இருக்கும். இவருடையது இன்னும் போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். இரண்டு கம்பி குறுக்கே வெட்டுகிற இடம் மட்டும் பிசகாது: அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்குச் சரியாக நடுவே. குளத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் முந்தானையை இடது கையில் விரித்து மறைத்துக்கொண்டு போட்டுக்கொண்டே போவார். போன தடவை பூக்காரம்மா பின்னாலிருந்து, "மாமி, அந்த மூலையில ஒரு புள்ளி விட்டுட்டீங்க" என்று குரல் கொடுத்தார். "விடல. இன்னும் அங்க வரல" என்றார் இவர்.

சிக்குக் கோல ரசிகர்களுக்குள்ளேயே ஒரு ஜாதி உண்டு: ஒரே கம்பிக்காரர்கள். எங்கே ஆரம்பித்தாலும் கை எடுக்காமல் சுற்றி அங்கேயே வந்து சேர வேண்டும், அதுதான் உசத்தி, மற்றதெல்லாம் ஒப்பேற்றல் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. நாலுக்கு நாலு சதுரமாகப் புள்ளி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக விடாமல் பின்னிக்கொண்டே போங்கள், நாலு கம்பி வரும். ஒரு வரிசை கூட்டி நாலுக்கு ஐந்தாக வைத்தால் தானாக ஒரே கம்பி. இதில் கைக்கு என்ன பெருமை? எண்ணிக்கை செய்கிற வேலை. மூன்று கம்பி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது எங்கே போகிறது என்று கண்ணைத் தடுமாற வைக்கிற கோலத்துக்குத்தான் என் ஓட்டு. இந்தக் கணக்கையெல்லாம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி உட்கார்ந்து ஆராய்ந்தார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்தைக் கணினி இலக்கணத்துக்குள் கொண்டுவந்து எழுதிய கட்டுரை இன்றும் அந்தத் துறையில் பேசப்படுகிறது. வாசல்படியில் நடப்பதைக் கணினி அறிவியலுக்கு விஷயம் என்று எடுத்துக்கொண்ட அந்த மூவருக்கும் என் நமஸ்காரம். ஆனால் கம்பி எந்த வழியில் போகும் என்பதை இலக்கணம் சொல்லும். கட்டைவிரல் எப்போது அடங்க வேண்டும் என்பது அதற்குள் வராது.

படிக்கோலக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது வேறு வித்தை. ஊறவைத்து அரைத்த மாவில் துணியை நனைத்து, உள்ளங்கையில் பிழிந்து, மோதிர விரல் வழியாக இழை இழையாக விடுகிறார்கள். ஈரத்தில் பாதிதான் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும்; போடும்போது போடுகிறவருக்கே தன் கோலம் முழுசாகத் தெரியாது. அந்தத் துணிச்சலுக்கு எழுந்து நிற்கலாம். மாடவீதித் தாரில் அது எடுபடுவதில்லை, சிமெண்டுத் தரையோ செம்மண் பூசிய திண்ணையோ வேண்டும்.

ரங்கோலி விஷயத்தில்தான் வீட்டிலேயே பிரச்சினை. என் மனைவி வண்ணப்பொடிக் கட்சி. மயில், மாட்டு வண்டி, பொங்கல் பானை, எட்டிப் பார்க்கிற சூரியன். மயில் மயிலைப்போலவே இருக்கிறது என்பதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டால், "உங்களுக்குக் கலர்னா ஆகாது" என்பாள். ஆகும். கோலத்தைச் சுற்றிக் காவி அடித்தால் எனக்கு உயிரே வந்துவிடும். வண்ணத்தை அள்ளி நிரப்பும்போது கோடு வேலியாகிவிடுகிறது. எந்தக் கோணலும் உள்ளே மறைந்துபோகும். வெள்ளையில் மறைய இடமில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு முறை எட்டு வயசுப் பெண் ஒருத்தி கோழி என்று சொல்லிக்கொண்டு ஒன்றைப் போட்டாள், மூன்று கால் இருந்தது. அதன் எதிரில் ஐந்து நிமிஷம் நின்றேன்.

கும்பகோணத்தில் என் அத்தையிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் சோற்றுப் பசையால் ஒட்டிய வாரப் பத்திரிகைத் துணுக்குகள். உள்ளே பல பக்கங்களில் கோலமே இருக்காது, புள்ளி மட்டும் இருக்கும். பத்துக்குப் பத்து, இடைப்புள்ளி பதினைந்து எட்டில் நிறுத்தவும், இப்படி. "கோடு எங்கே அத்தை?" என்று கேட்டதற்கு, "புள்ளி இருந்தா கோடு வராதாடா?" என்றாள். அவளுக்கு வந்தது. தப்பு விழுந்தால் பாதத்தின் பக்கவாட்டால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, நிற்காமல் மேலே போவாள். அந்த நோட்டு எந்தப் பரணில் செல்லரித்ததோ.

இன்றைய நிலவரம் உங்களுக்கே தெரியும். துளை போட்ட குழாயை உருட்டினால் ஒரு கோலம், சல்லடைத் தட்டைத் தட்டினால் ஒரு கோலம். அடுக்குமாடியில் இரண்டு கதவுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே ஒரு முழம் இடம். அங்கே பிளாஸ்டிக் ஸ்டிக்கர். மற்றவர்கள் வாசலில் நிரந்தரமாக வெள்ளைப் பெயிண்ட். நேற்றைய கோலம் இன்றைக்கு இருக்கக் கூடாது என்பதற்குத்தானே விடிந்ததும் பெருக்கித் தள்ளுகிறோம்? இடமில்லை, நேரமில்லை, முதுகு வலி என்கிறார்கள். முதுகு வலியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

புதுக் கைகள் வராமலில்லை. சமீபத்தில் மாடவீதியில் காதில் கடுக்கன் போட்ட ஒரு கல்லூரிப் பையன் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்துதான் போட்டான், குனிய வரவில்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாம். புள்ளி அபாரம், நேர்க்கோடு பரவாயில்லை, வளைவு மட்டும் கட்டி கட்டியாக விழுந்தது. மந்தைவெளி அம்மா தன் கட்டத்தை முடித்துவிட்டுப் போய் அவன் பக்கத்தில் நின்றார். "கையைப் பாக்காதேப்பா, அடுத்த புள்ளியைப் பாரு" என்றார். அடுத்த நாலு வளைவில் இரண்டு தேறியது. வீடியோக்காரர்கள் எப்போதும் கோலத்துக்கு நேர் மேலே கேமராவை வைக்கிறார்கள். கண் எங்கே போகிறது என்பது அதில் எப்படித் தெரியும்?

மாடவீதியைப் பார்த்து ஊரெல்லாம் போட்டி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள், நல்லதுதான். ஒரு குடியிருப்பில் பொங்கலுக்கு நடந்த போட்டிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், சும்மா பார்ப்பதற்கு. பெண்கள் மூன்றரை மணிக்கே குனிந்துவிட்டார்கள். நடுவர் ஆறு மணிக்கு வந்தார், சால்வை போட்டார்கள், காபி குடித்தார், கையில் மார்க் ஷீட்டோடு ஒவ்வொரு கோலமாகச் சுற்றி வந்தார். கருத்துக்கு இவ்வளவு, வண்ணத்துக்கு இவ்வளவு, நேர்த்திக்கு இவ்வளவு. முதல் பரிசு ஒரு பெரிய மயிலுக்கு. நான் மெதுவாகப் போய், "சார், அடுத்த வருஷம் அவங்க போடும்போதே வந்து பார்த்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"போடும்போது பாக்கறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றார் அவர். "அதுவும் மூணரை மணி வெயில்ல!"