பிய்ந்துபோன முதல் தோசை

குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் ஒரு பெண் சமைக்கிறாள். புதிதாகக் கல்யாணமானவள். கட்டித் தயிரை விரலால் பிசைகிறாள். அந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். துவைத்து மாற்றிக் கட்டப் பொழுதில்லை. தாளிக்கும் புகை அவளுடைய குவளைப் பூப்போன்ற கண்ணில் ஏறுகிறது. தானே துழாவி ஆக்கிய புளிப்புக் குழம்பைக் கணவன் உண்டுவிட்டு, நன்றாயிருக்கிறது என்கிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்றவளிடம் இதைச் சொல்கிறாள். பாட்டு ஆறே அடி. பாடியவர் கூடலூர் கிழார்.

பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது.

பெற்றவள் கேட்க நினைப்பது ஒன்றுதான்: என் மகள் நன்றாக வாழ்கிறாளா? பாட்டில் அதற்கு நேரான பதில் எங்கேயும் இல்லை. தயிர் இருக்கிறது, கறைபட்ட துணி இருக்கிறது, புகை இருக்கிறது. மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல் கடைசி அடியில்தான் வருகிறது. அதையும் கூடலூர் கிழார் அடக்கித்தான் வைக்கிறார். அவள் மகிழ்ந்தது நுண்ணிதாக. புகையில் எரிந்த கண்ணை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டதால், அந்தச் சிறு மலர்ச்சி நமக்குப் போதும்.

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, பிறகு பிள்ளைகளை எழுதச் சொன்னேன். உங்கள் வீட்டில் ஒருவர் சமைப்பதை ஆறு வரியில் எழுதுங்கள். பாசம், அன்பு, மகிழ்ச்சி, தியாகம் ஆகிய நான்கு சொற்களும் கூடாது. வகுப்பு திகைத்துப்போனது. அந்த நான்கும் இல்லாமல் அம்மாவைப் பற்றி எழுத அவர்களை யாரும் பழக்கியதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன், லீவுக்கு ஊருக்குப் போனதை எழுதினான்: "ஆத்தா தோசை சுட்டுச்சு. முதல் தோசை கல்லுல ஒட்டிப் பிஞ்சு போச்சு. அதை அது தட்டுல போட்டுக்கிச்சு. ரெண்டாவது எனக்கு. மூணாவதும் பிஞ்சுச்சு, அதையும் அதுவே எடுத்துக்கிச்சு. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அது சாப்பிடல." படித்துவிட்டு நோட்டை மூட மனம் வரவில்லை. அதுவரை அவன் தந்த கட்டுரைகளெல்லாம் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஒழுங்காக இருந்தன. ஒன்றிலும் அவன் ஆத்தா இல்லை.

குறுந்தொகையை நான் தேர்ந்ததற்கு அளவும் ஒரு காரணம். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. ஒரு பாட்டு முழுதும் கரும்பலகையில் அடங்கும், முழுதாகக் கண்ணில் நிற்கும்.

உவமைக்கு இரண்டு பாட்டுகளைச் சேர்த்தே வைப்பேன். 54-ஆம் பாட்டில் யானை ஒரு மூங்கிலை வளைக்கிறது; தினைப்புனக் காவலர் வீசும் கவண் ஓசைக்கு வெருண்டு விட்டுவிடுகிறது. விடுபட்ட மூங்கில், மீனைக் கவ்விய தூண்டில்கோல் போல விருட்டென்று மேலெழுகிறது. 74-இலும் மூங்கில் வானைத் தொட எழுகிறது. அங்கே அது அவிழ்த்துவிட்ட குதிரையின் பாய்ச்சல். ஒரே மூங்கில், இரண்டு கண்கள். ஒருவர் தண்ணீர்க்கரையில் நின்றவர், மற்றவர் குதிரையோடு பழகியவர் என்று எனக்குத் தோன்றும். உவமை என்பது பாட்டுக்குப் போடும் நகை என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, அது எழுதுகிறவன் எங்கே வாழ்ந்தான் என்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.

இந்த இரண்டு புலவர்களின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் மீனெறி தூண்டிலார், மற்றவர் விட்ட குதிரையார். பெயர் மறைந்துபோனவர்களை அவரவர் உவமையாலேயே அழைத்தது நம் மரபு. செம்புலப் பெயனீரார், ஓரேருழவனார், குப்பைக் கோழியார், அணிலாடு முன்றிலார் எல்லோரும் அப்படி வந்தவர்களே. ஆள் நீங்கிப்போன வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது. பிரிவை இதைவிட அமைதியாகச் சொல்ல முடியுமா! உவமையால் பெயரிடும் இந்த மரபை வகுப்பில் அப்படியே செய்தோம். பெயர் போடாமல் எழுதித் தரவேண்டும். சிறந்த உவமை எதுவோ அதுவே எழுதியவர் பெயர். பொய் சொல்லிவிட்டு அம்மா முன்னால் நின்றதை ஒருவன் எழுதியிருந்தான். பஞ்சர் கடைத் தொட்டியில் அமுக்கிய டியூப் மாதிரி இருந்ததாம். குமிழி எங்கேயிருந்து வரும் என்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாராம். அந்த ஆண்டு முழுக்க அவனுக்குக் குமிழியார் என்றே பெயர். ஈராயிரம் ஆண்டு மரபில் அவனும் ஓர் இடம் பிடித்துவிட்டதாக எனக்குப் பெருமை.

மாதிரியைக் கொடுத்தால் பார்த்து எழுதிவிடுவார்களே என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். முதல் வாரம் என் வகுப்பிலும் எல்லாப் பெண்களுக்கும் குவளைக் கண் வந்தது. குவளையைப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன். பூ கூடலூர் கிழாருடையது. சொல்லாமல் விட்ட துணிவைத்தான் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். நன்னூல் வழிநூலுக்கு வகுத்த இலக்கணமும் இதுவே: முன்னோர் முடிவோடு ஒத்துப்போய், தான் வேண்டும் மாறுதலையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக், நியூயார்க்கின் ஒரு பள்ளியில் ஆங்கிலக் கவிஞர் பிளேக் புலியிடம் கேள்வி கேட்கும் பாட்டைக் குழந்தைகளுக்குப் படித்துக்காட்டி, நீங்களும் ஒரு விலங்கிடம் கேள்வி கேளுங்கள் என்றார். அந்த அனுபவங்களை 1973-இல் நூலாகவும் எழுதினார். பாட்டின் சொற்களை அவர் கொடுக்கவில்லை; பாட்டு நிற்கும் நிலையைக் கொடுத்தார்.

தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் 167-ஐக் கரும்பலகையில் எழுதுங்கள். பதவுரைக்குப் போகும் முன், இன்று காலை உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று கேட்டு, ஆறு வரி எழுதச் சொல்லுங்கள்.