ஐந்தாம் மெட்டில் எத்தியோப்பியா

"யாருடி வாசிக்கறது? கர்நாடக சுத்த சாவேரியை இத்தனை நிதானமா!" அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் ஓடிக்கொண்டிருந்தது வீணையே இல்லை. ஜப்பானின் 13 நரம்பு கோட்டோ. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யாட்சுஹாஷி கெங்யோ என்ற பார்வையற்ற மேதையின் பெயரில் வழங்கிவரும் 'ரோகுதான்'.

அத்தை 40 வருஷமாக வீணை வாசிப்பவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், கோட்டோவின் சுருதிக்கே வீணையைக் கூட்டினார், சாரணித் தந்தியில் விரல் வைத்தார். திறந்த தந்தி ஸட்ஜம். 1ஆம் மெட்டு, 5, 7, 8, பிறகு 12. ஸ ரி ம ப த ஸ. ரி, ம, த மூன்றுமே சுத்த ஸ்வரங்கள். ஹிராஜோஷி என்ற முறையில் சுருதி கூட்டிய கோட்டோவின் நரம்புகள் தருவதும் இதே ஐந்து ஸ்வரங்கள்தான்! காஞ்சி காமாட்சி மேல் தீட்சிதர் பாடிய 'ஏகாம்ரேச நாயிகே' நடமாடும் அதே வீடு. (மேடையில் அடிக்கடி கேட்கிற சுத்த சாவேரி வேறு, அதில் ரியும் தாவும் சதுஸ்ருதி.)

அதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அடுத்து எத்தியோப்பியப் பாட்டு ஒன்றைப் போட்டேன். மசின்கோ என்பது ஒற்றைத் தந்தி வாத்தியம். தந்தியும் குதிரை மயிர், வில்லும் குதிரை மயிர். கூடவே ஓர் ஆண் குரல், நம் பிருகாக்களைப் போலவே பொடிப்பொடியாக உதிர்கிறது. அந்த ஊரில் ராகத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகச் சொல்லும் சொல் கிஞித். இந்தக் கிஞித்தின் பெயர் அம்பாசல். அத்தையின் விரல் தானாகவே நகர்ந்தது: 1, 5, 7, 8, 12. கியோட்டோ எங்கே, எத்தியோப்பிய மலைநாடு எங்கே, காஞ்சிபுரம் எங்கே!

ஜப்பானிய இசை அறிஞர் கோய்சுமி ஃபுமியோ இந்த அமைப்பை அழகாகப் பிரித்துக் காட்டினார். இந்தியாவுக்கு வந்து நம் இசையைப் படித்தவர் அவர். ஸ்தாயியை ஸ–ம, ப–ஸ என்று இரண்டு கூடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வாசற்படியை ஒட்டி, அரை ஸ்வர தூரத்தில், ஒரே ஒரு ஸ்வரம். அதற்கப்பால் பெரிய வெற்றிடம். அந்த நெருக்கமும் அந்த வெற்றிடமும் சேர்ந்துதான் நெஞ்சைப் பிசைகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உச்சம் இனிமேல்தான். "கிரக பேதம் பண்ணிப் பார்க்கலாமா?" என்றார் அத்தை. மத்யமத்தை, அதாவது 5ஆம் மெட்டை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு அதே ஸ்வரங்களை வாசித்தார். 5, 7, 8, 12, 13. சிவரஞ்சனி மாதிரியே தொடங்கி, தைவதத்தில் மட்டும் அரை ஸ்வரம் கீழே சரிந்தது. நான் கத்தியேவிட்டேன். அது திசிதா! எத்தியோப்பியர்கள் ஏக்கத்துக்கும் பழைய நினைவுக்கும் வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பெயரிலேயே ஒரு கிஞித்தும் உண்டு. அதன் சோக வடிவம் எங்கள் கூடத்தில், பலா மர வீணையில் ஒலித்துக்கொண்டிருந்தது. அத்தை திசிதாவை வாழ்நாளில் கேட்டதே இல்லை.

"அந்த ஜப்பான் உருப்படியை இன்னொரு தரம் போடு" என்றார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கூடவே தொட்டுத் தொட்டு வாசித்தார். ரோகுதான் ஆறு பகுதிகள். விளம்பமாகத் தொடங்கி மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். கோட்டோக் கலைஞரின் இடது கை குதிரைக்கு அப்பால் நரம்பை அழுத்தி ஸ்வரத்தை உயர்த்தும் இடங்களில், அத்தை தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதே உயரத்தைத் தொட்டார். கடைசியில் வேகம் தணிந்து நரம்பு அடங்கியபோது, அவர் விரலும் மெட்டை விட்டு எழுந்தது.