அன்பின் சாசனமும் ஒரு ஜோடி பூட்ஸும்

ஒரு நிர்வாக ஆவணத்தை இலக்கியப் பிரதிபோல வாசிக்க முடியுமா? சிஸ்டர்சியன் துறவற சபையின் ‘கார்த்தா காரித்தாத்திஸ்’, அதாவது ‘அன்பின் சாசனம்’, அப்படி வாசிக்கத் தகுந்தது.

1098இல் மோலேம் மடத்தின் தலைவர் ராபர்ட், புனித பெனடிக்டின் ஒழுங்கை அப்படியே வாழ்ந்து பார்ப்பதற்காகச் சில துறவிகளோடு பிரான்ஸின் சீத்தோவுக்குப் போனார். பின்னர் கிளை மடங்கள் முளைத்தன. அங்கே மூன்றாவது தலைவராக இருந்த ஆங்கிலேயர் ஸ்டீபன் ஹார்டிங்கின் பெயரோடு இந்தச் சாசனம் சேர்த்துச் சொல்லப்படுகிறது. போப் இரண்டாம் கலிக்ஸ்துஸ் ஒப்புதல் தந்தது 1119இல். இன்று நம்மிடம் இருக்கும் வடிவங்கள் எப்போது எழுதப்பட்டவை என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

கோடு எழுதிப் பிழைக்கும் என்னைப் போன்றவனுக்கு இதன் வடிவமைப்பைப் பார்த்தால் பொறாமைதான் வரும். அன்று புகழோடு இருந்த க்ளூனியில் அதிகாரம் ஒரே தலைவரிடம் குவிந்திருந்தது. சீத்தோ வேறு மாதிரி யோசித்தது. தாய்மடம் கிளைமடத்திடம் காசு கேட்கக் கூடாது. ஆனால் அதன் தலைவர் வருஷத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்கணும். எல்லா மடங்களிலும் ஒரே வழிபாட்டு நூல்கள், ஒரே இசை. எல்லாத் தலைவர்களும் ஆண்டுதோறும் சீத்தோவில் கூடணும்.

சரி, சீத்தோவை யார் கேள்வி கேட்பது? பிற்கால வடிவத்தில் அதற்கும் பதில் இருக்கிறது: லா ஃபெர்தே, போந்தின்யி, க்ளேர்வோ, மோரிமோன் என்ற முதல் நான்கு கிளைகளின் தலைவர்கள். சீத்தோ தலைவர் வழிதவறி, சொல்லியும் திருந்தாவிட்டால், அவரை நீக்கவே வழி உண்டு.

ஆனால் இந்த அன்பு யாருக்கும் யாருக்கும் இடையிலானது? மடத்தலைவர்களுக்கு இடையிலானது. மடத்து நிலங்களில் உழுது, ஆடு மேய்த்தவர்களில் பலர் ‘கொன்வெர்ஸி’ எனப்பட்ட பணித்துறவிகள். அவர்களும் வாழ்நாள் வாக்குக் கொடுத்தவர்கள்தான். ஆனால் முழுத் துறவியாக முடியாது. புத்தகம் வைத்துக்கொள்ளக் கூடாது. சில ஜெபங்களை மனப்பாடம் பண்ணினால் போதும். கோயிலில் தனி இடம். மடத்தலைவர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. மேல்மட்டத்தில் அதிகாரத்துக்கு இத்தனை கடிவாளம் போட்ட மூளைகளுக்குக் கீழே ஒரு கதவுகூடத் திறக்கத் தோன்றவில்லை.

இந்த இடைவெளி வேறொரு நூலில் கசிகிறது. எபர்பாக்கின் கொன்ராட் தொகுத்த ‘எக்ஸோர்தியும் மாக்னும்’ சபையின் பெருமை பாடும் நூல். அதில் ஜெர்மனியின் ஷோனாவ் மடத்துக் கதை ஒன்று வருகிறது. முழுத் துறவிகளுக்குக் கிடைப்பதுபோல் தங்களுக்கும் புது பூட்ஸ் வேண்டும் என்று பணித்துறவிகள் கலகத்துக்குத் திட்டமிடுகிறார்கள். முன்னின்றவன் திடீரென்று செத்துப்போகிறான். கொன்ராடுக்கு அது கடவுளின் தண்டனை.

அவர் மிரட்டுவதற்காகச் சொன்ன கதைதான். ஆனால் மிரட்ட வேண்டுமென்றால், அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும்? அதனால்தான் அவர்களுடைய கோரிக்கை இன்றுவரை நமக்குக் கிடைக்கிறது. சாசனத்தின் நேர்த்தியை வியப்பவர்கள் பக்கத்திலேயே இந்தக் கதையையும் வைத்துப் படிக்கணும். ஒரு அமைப்பு யாருடைய புகாரைக் கேட்க வழி வைத்திருக்கிறது என்பது சாசனத்தில் தெரியும். யாருடையதைக் கேட்கவில்லை என்பது இந்த பூட்ஸ் கதையில்தான் தெரிகிறது.