சில்லறை அதிகாரம்: செகாவின் இரண்டு கூட்டங்கள்

அதிகாரம் என்றதும் நமக்கு அரசும் போலீசும் ராணுவமும்தான் ஞாபகம் வருகின்றன. அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கும் பொருளல்ல, உறவுகளின் கண்ணிகளுக்குள் புழங்குவது என்ற ஃபூக்கோவின் கருத்தைத் தொண்ணூறுகளிலேயே தமிழ்ச் சிறுபத்திரிகைகள் நிறையப் பேசிவிட்டன. ஆனால் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று, 'சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க' என்று கேட்டுத் திரும்பியவனுக்கு இதைச் சொல்லித்தர எந்தக் கோட்பாடும் தேவையில்லை. பேனா, ரப்பர் ஸ்டாம்பு, கதவு, இவற்றில் ஏதோ ஒன்று கையில் இருக்கும் ஒருவர் செலுத்தும் இந்தச் சில்லறை அதிகாரத்தை எப்படி எதிர்கொள்வது? அந்தோன் செகாவின் இரண்டு கதைகளை முன்வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

'பச்சோந்தி' (1884) தமிழ் வாசகர்களுக்குப் பழகிய கதை. சந்தைத் திடலில் ஒரு நாய்க்குட்டி பொற்கொல்லன் ஒருவனின் விரலைக் கடித்துவிடுகிறது. போலீஸ் அதிகாரி ஒச்சுமேலவ் விசாரிக்கிறான். நாய் ஜெனரலுடையது என்று ஒரு குரல் வந்தால் குற்றம் கடிபட்டவன் மேல். இல்லை என்று இன்னொரு குரல் வந்தால் குற்றம் நாயின் மேல். இடையிடையே ஓவர்கோட்டைக் கழற்றுகிறான், மறுபடி மாட்டிக்கொள்கிறான். மேலிடத்தைப் பார்த்து நிறம் மாறும் ஊழியன் மீதான கிண்டல் என்றே இக்கதை வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த வாசிப்பு கதையின் முடிவைத் தவறவிடுகிறது. நாய் ஜெனரலின் சகோதரருடையது என்று தீர்ந்ததும் கூட்டம் சிரிக்கிறது. யாரைப் பார்த்து? கடிபட்டவனைப் பார்த்து! ஒச்சுமேலவின் அதிகாரம் அந்தச் சிரிப்பில்தான் முழுமையடைகிறது. அது இல்லாவிட்டால் அவன் கோட்டைக் கழற்றி மாட்டும் ஒரு கோமாளி மட்டுமே.

இரண்டாவது கதை 'சார்ஜண்ட் பிரிஷிபேயெவ்' (1885). எழுதப்பட்ட வார இதழில் வெளிவரவிடாமல் தணிக்கை அதிகாரி தடுத்துவிட, அதே ஆண்டு வேறொரு பத்திரிகையில் அச்சானது. பிரிஷிபேயெவ் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவன். பிறகு ஒரு பள்ளியில் வாசல்காவலனாகவும் இருந்தவன். இப்போது அவனுக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனாலும் 15 வருஷமாக ஊரை ஆட்டிவைக்கிறான். கூட்டமாக நிற்காதே என்கிறான். பாட்டுப் பாடாதே என்கிறான். பாடலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையே என்பது அவன் வாதம். ராத்திரியில் யார் யார் வீட்டில் விளக்கு எரிகிறது என்று பட்டியல் எழுதிப் பையில் வைத்திருக்கிறான்.

நமது பிரச்சினைக்கு ஒச்சுமேலவைவிட இவன்தான் முக்கியமானவன். இவன் லஞ்சம் வாங்குவதில்லை. யாருக்கும் பயந்து நிறம் மாறுவதில்லை. ஒழுங்கை மனசார நம்புகிறான். சில்லறை அதிகாரம் பற்றிய நமது பேச்சு லஞ்சத்தில் தொடங்கி லஞ்சத்திலேயே முடிந்துவிடுவதால், இப்படிப்பட்ட நேர்மையான கொடுங்கோலர்கள் நமது விமர்சனத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள். தடை செய்யப்படாததெல்லாம் செய்யலாம் என்பது குடிமகனின் தர்க்கம். அனுமதிக்கப்படாததெல்லாம் தடை என்பது பிரிஷிபேயெவின் தர்க்கம். பச்சை மைக் கையெழுத்துக்காக அலைந்தவர்களுக்கு இது புரியும். நகலும் அசலும் ஒன்றா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதற்கு 'யார் வீட்டுப் பையன்? என்ன ஆளுங்க?' என்ற கேள்விகள் எதற்கு? சரிபார்க்கப்பட்டது காகிதமல்ல, ஆள். 2014இல் சுயசான்றொப்பம் போதும் என்று மத்திய அரசு வலியுறுத்திய பிறகு அந்தக் கையெழுத்தின் தேவை குறைந்தது. அந்தக் கேள்விகள் வேறு மேசைகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

என் மேசைக்கும் வந்தன. ஒரு கல்லூரியில் தேர்வறைக் கண்காணிப்பாளனாக இருந்தபோது ஒரு மாணவி பத்து நிமிஷம் தாமதமாக வந்தாள். அரை மணி வரை அனுமதிக்கலாம் என்பது விதி. அது எனக்குத் தெரியும். 'பஸ் வரல சார்' என்றாள். 'மத்தவங்க எல்லாம் எப்படி வந்தாங்க?' என்றேன். ஹால்டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளை ஐந்து நிமிஷம் நிற்கவைத்த பிறகே வினாத்தாளைக் கொடுத்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள், அவளைப் பார்த்து. மாதக்கடைசியில் என் சம்பளப் பட்டியலுக்காக ஒரு எழுத்தர் முன்னால் இதேபோல் நிற்பவன்தான் நான். அங்கே இழந்ததை இங்கே வசூலித்தேன் என்று சொல்லி என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். பிரிஷிபேயெவுக்கும் அப்படி ஒரு கதை இருந்திருக்கும்.

ஆகவே எதிர்கொள்வது என்பது அந்த ஆளின் குணத்தைத் திருத்துவதல்ல. 'எந்த விதியில் இருக்கு? எழுதிக் குடுங்க' என்று கேட்பது முதல் காரியம். சொல்லப்படாத விதியில்தான் சில்லறை அதிகாரம் பிழைக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 6(2) என்று ஒரு சின்னப் பிரிவு உண்டு: தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. 'எதுக்கு உனக்கு?' என்ற கேள்வியையே அது பறித்துவிடுகிறது. இதை நான் சட்ட நுணுக்கமாகப் பார்க்கவில்லை, மொழிக்குள் நடந்த ஒரு தலைகீழாக்கமாகப் பார்க்கிறேன்.

ஆனால் தனியொருவன் கேட்டால், வரிசையில் பின்னால் நிற்பவரே 'விடுங்க சார், லேட்டாவுது' என்பார். சந்தைத் திடலின் கூட்டம் அது. செகாவ் அடுத்த வருஷமே இன்னொரு கூட்டத்தையும் எழுதினார் என்பதைத்தான் நாம் கவனிக்கவில்லை. பிரிஷிபேயெவைக் கோர்ட்டுக்கு இழுத்த வழக்கில், சாட்சி சொல்லும் ஊர்த்தலைவர் ஊர் முழுவதன் பேரில் முறையிடுகிறார். ஒரு மாதக் காவல் தண்டனை கிடைக்கிறது. அவன் திருந்திவிடவில்லை. வெளியே வந்ததும் பேசிக்கொண்டு நிற்கும் குடியானவர்களைப் பார்த்து, விறைப்பாக நின்று, கலைந்து போகச் சொல்லிக் கத்துகிறான். கதை அங்கே முடிகிறது.

கூட்டம் கலைந்ததா இல்லையா என்று செகாவ் எழுதவில்லை.