நாரை தங்குற குளம்

சத்திமுத்தப் புலவரின் 'நாராய் நாராய்' பாட்டை வறுமைப் பாட்டாகத்தான் நாம் படிக்கிறோம். பறவை ஆர்வலர்கள் வலசைக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ரெண்டும் சரிதான். ஆனால் நடுவில் இருக்கிற குளத்தை ரெண்டு தரப்புமே விட்டுடுறாங்க. குமரியிலிருந்து வடக்கே திரும்பும் நாரையிடம், கும்பகோணம் பக்கத்துத் தன் ஊர்க் குளத்தில் தங்கி, பிறகு மனைவியைப் பார்க்கச் சொல்கிறார் புலவர். சேதி சேரணும்னா குளத்தில் தண்ணி இருக்கணும்.

இன்றைய பாதுகாப்புக் கட்டுரைகளிலும் இதே கோளாறுதான். கோடியக்கரை 2002இல் ராம்சார் தலமானது, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024இல். எல்லை, பரப்பளவு எல்லாம் எழுதுகிறோம். தண்ணீர் வரும் வழியை எழுதுவதில்லை. கரைவெட்டிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால். கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் சதுப்புக்கோ முள்ளியாறு, அடப்பாறு. நம்ம ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கல்லணையில் பிரியும் காவிரியின் கடைமடை அது. நன்னீர் குறைந்தால் சதுப்பில் உப்பேறும். மீனும் புழுவும் மாறும். பூநாரை உப்பைத் தாங்கும், பல வாத்துகள் தாங்காது.

அதனால் சரணாலயத்துக்கு வேலி போட்டாச்சு என்று முடியும் கட்டுரை எனக்குப் பாதிக் கட்டுரைதான். மீதி, கடைமடைக்கு எவ்வளவு தண்ணி விடுறோம் என்ற கணக்கில் இருக்கு.