பயிற்சித்தாளில் இல்லாத பெயர்

எந்த மொழி வகுப்பிலும் முதலில் கற்றுத்தருவது மூன்று விஷயங்கள்: உங்கள் பெயர் என்ன, எங்கே வசிக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள். பாரிஸில் குடியேறிய பெண்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். சில மாதம் கழித்து எங்களை ஓர்சே அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். எதுவார் மனே 1863இல் வரைந்த 'ஒலிம்பியா'வின் முன் நின்று, கொடுத்த சொற்களை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். பயிற்சித்தாளில் இருந்த சொற்கள்: கட்டில், பூங்கொத்து, பூனை, நிர்வாணப் பெண், வேலைக்காரி.

வேலைக்கும் அலுவலக வரிசைக்கும் நடுவே ஓடும் பெண்களுக்கு ஓவியத்தின் முன் நிற்க ஒரு மதியம் கிடைப்பது நல்லதே. ஆனால் சொற்பட்டியல் தருகிறவர் மொழியை மட்டும் தருவதில்லை. எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துத் தருகிறார். எங்களில் பலர் அடுத்தவர் வீடுகளையும் ஓட்டல் அறைகளையும் துடைத்துச் சம்பாதிப்பவர்கள். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இவான்ர பேர் என்ன அக்கா? எழுதேல்லையோ?" பூங்கொத்தோடு நிற்கும் கறுப்பினப் பெண்ணைத்தான் அவள் காட்டினாள்.

பெயர் இருக்கிறது. லோர். மனே தன் குறிப்பேட்டில் அந்தப் பெயரையும், வேந்திமிய் தெரு, 11ஆம் எண் என்ற முகவரியையும் எழுதிவைத்திருந்தார். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை இறுதியாக ஒழிக்கப்பட்டது 1848இல். அதற்குப் பதினைந்தே ஆண்டுகள் கழித்து, பாரிஸில் வாழ்ந்த லோர் இந்த ஓவியத்துக்காக நின்றார். வேலைக்காரி என்பது அவருக்குப் போட்ட வேடம். அவர் செய்த வேலை, ஓவியருக்கு மாடலாக நிற்பது. பெயர், முகவரி, வேலை மூன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதல் மாதப் பாடத்தை வைத்தே எங்களால் அவரைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதியிருக்க முடியும்.

படுத்திருப்பவருக்கும் அதே கதைதான். அவர் விக்டோரின் மெராங். 1865 சலோன் கண்காட்சியில் பார்வையாளர்களைச் சீண்டியது அவருடைய நிர்வாணத்தைவிட அவருடைய நேர்ப்பார்வை என்று நினைக்கிறேன். அவரும் ஓவியர். 1876இல் அவர் வரைந்த தன்னுருவ ஓவியம் சலோனில் இடம்பெற்றது. அதே ஆண்டு மனே அனுப்பியவை நிராகரிக்கப்பட்டன. பயிற்சித்தாளில் அவர் வெறும் 'நிர்வாணப் பெண்'.

பிரெஞ்சில் 'மொதேல்' என்ற சொல் இலக்கணப்படி ஆண்பால். ஆடை களைந்து மணிக்கணக்கில் நின்ற பெண்ணும் அந்த மொழியில் ஆண்பால்தான். தொழிற்பெயர்களுக்குப் பெண்பால் வடிவங்களைப் பிரெஞ்சு அகாதெமி ஏற்றுக்கொண்டதே 2019இல். அதே ஆண்டு ஓர்சேயில் நடந்த 'கறுப்பின மாடல்' கண்காட்சி, பழைய தலைப்புகளை மாற்றிப் பார்த்தது. மரி-கிய்மின் பெனுவா 1800இல் காட்சிப்படுத்திய, 'நீக்ரோப் பெண்' என்றே அறியப்பட்ட ஓவியம், அங்கே 'மத்லேன்' ஆனது. இதற்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. கறுப்பினக் கலைஞர் லொரெய்ன் ஓ'கிரேடி 1992இலேயே ஒலிம்பியாவின் பணிப்பெண்ணை மையமாக வைத்து எழுதினார். ஆய்வாளர் டெனிஸ் முரெல் லோரைத் தன் ஆய்வின் நடுவில் நிறுத்தினார். அருங்காட்சியகம் தானாக மனம் மாறிவிடவில்லை, பெண்கள் கேட்டார்கள்.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல். பிரெஞ்சில் பால்தான் தொல்லை; நமக்கு மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. 'மனே வரைந்தார்' என்று எழுதும் கை, அடுத்த வரியில் 'வேலைக்காரி நிற்கிறாள்' என்று தானாக எழுதுகிறது. ஆண் ஓவியருக்கு 'ஆர்', கறுப்பினப் பெண்ணுக்கு 'ஆள்'. நம் கலை விமர்சனம் பெரும்பாலும் இந்த விகுதிகளைக் கவனிப்பதே இல்லை. லோரை 'அவர்' என்றால் மரியாதை வருகிறது, பெண் மறைந்துபோகிறாள். 'அவள்' என்றால் பெண் தெரிகிறாள், மரியாதை போய்விடுகிறது.

எழுத்துத் தமிழ் தடுமாறும் இந்த இடத்தைத்தான் என் தோழி யோசிக்காமலே கடந்துவிட்டாள். 'இவா' என்றாள். யாழ்ப்பாணப் பேச்சில் 'அவா', 'இவா' இரண்டும் பெண்ணையும் சொல்லும், மரியாதையையும் கொடுக்கும். பேச்சு வழக்கு என்று நம் அச்சு ஒதுக்கிவைத்த சொல் அது. ஓவியங்களைப் பற்றித் தமிழில் எழுதும் பெண்கள் அதைத் துணிந்து எடுத்துக்கொள்ளலாம்: அவா பெயர் லோர். அவா வேலை செய்துகொண்டிருக்கிறா.