பரையா: றகரம் தொலைந்த கதை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் ஆங்கிலப் பேப்பரைக் காட்டி, ‘பரையா ஸ்டேட்னா என்ன சார்?’ என்றான். ‘மத்த நாடுங்க ஒதுக்கி வச்ச நாடு’ என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது நம்ம சேரியிலிருந்து போன சொல்.

போர்த்துகீசியர், கம்பெனிக்காரர் வழியாகக் கப்பலேறிய இச்சொல் ஆங்கிலத்தில் தெருநாய்க்கும் பெயரானது. மாக்ஸ் வெபர் யூதர்களைக் குறிக்க எடுத்தாண்டார். ஹன்னா அரெண்ட் 1944இல் அதையே கலகம் செய்யும் யூதரின் பெயராக்கினார். அர்த்தங்கள் பெருகின. ஒலி? வல்லின றகரம் தேய்ந்து, அழுத்தம் நடுவுக்கு நகர்ந்து, கடைசி அசை பெருமூச்சாய்க் கரைந்துபோனது.

தமிழில் பறை என்றால் கருவி. பறைதல் என்றால் சொல்லுதல். சாதிப்பெயர் கருவியிலிருந்து வந்தது என்றார் கால்டுவெல். அது இன்றும் விவாதம்தான். அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்தார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே பத்திரிகை தொடங்கினார். மறுத்தவரும் ஏற்றவரும் தாமே பேசினார்கள். ஆங்கில அகராதியிலோ அது பிறர் ஒதுக்கி வைத்தவரின் பெயர் மட்டும்.

சேக்கிழாரின் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோல் கொடுத்தவர். முழக்கம் உள்ளே கேட்டது. ஆள் தில்லை எல்லையில் நின்றார், தீயில் இறங்கித்தான் உள்ளே போனார். ஆங்கிலம் செய்தது நேரெதிர்: எல்லையில் நிற்பதை எடுத்துக்கொண்டு முழக்கத்தை விட்டுவிட்டது.

வெபரையும் அரெண்டையும் தமிழில் பேசும் நாமும் ‘விளிம்பு’ன்னு பொத்தாம்பொதுவாகப் பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த றகரத்தைத் திரும்பப் போடாமல் இந்த மொழிபெயர்ப்பு முடியாது.